வெள்ளையாகக் கொண்டுபோன பூ

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு செடி நிற்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. இலை பருத்தி இலை மாதிரி, அதைவிடப் பெரிது. தடவினால் கையில் சுணை ஒட்டும். பூ அடுக்கடுக்காக, நல்ல ரோஜாப்பூ அளவுக்கு இருக்கும். விடியும்போது விரிகிற பூ பால் வெள்ளை. பத்து மணிக்கு மேல் ஓரத்தில் லேசாக ரோஸ் ஏறும். மதியம் தாண்டினால் முழுக்க ரோஸ். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நல்ல சிவப்பு. மறுநாள் காலையில் கசக்கிப் போட்ட துணி மாதிரி சுருண்டு தொங்கும். அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு வெள்ளை விரிந்திருக்கும். பறித்து வைத்தாலும் இந்த மாற்றம் நிற்காது. வெயில் அடித்தால் ஜல்தியாக மாறும், மழை மூட்டமாக இருந்தால் மதியம் வரைக்கும் வெள்ளையாகவே நிற்கும். அவ்வளவுதான் அதனுடைய சூட்சுமம்.

இதற்குப் படித்தவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பச்சோந்திச் செடி என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பச்சோந்தி இடத்தைப் பார்த்து மாறும். இந்தச் செடி யாரைப் பார்த்தும் மாறுவதில்லை. தினமும் அதே நேரத்துக்கு அதே மாதிரிதான் மாறுகிறது. எத்தனை மணிக்கு என்ன நிறம் என்று கேட்டால், வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லுவேன்.

விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வேலியோரம் நின்ற செடியிலிருந்து ஒரு குச்சி ஒடித்து வந்து நட்டேன். யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு செடி இருப்பதே தெரியாது. ஆபீசு, அடுப்பு, டி.வி. என்று இருந்தவர்கள் காலையில் பார்த்த பூவை மாலையில் எங்கே பார்த்தார்கள்?

என் கடைசி மகள் நர்சு வேலை பார்க்கிறாள். அப்போது திண்டிவனத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை செய்த பையனுக்கும் அவளுக்கும் பழக்கம். மறைத்துச் செய்யவில்லை. முதல் மாதத்திலேயே வீட்டுக்குக் கூட்டி வந்து, "யம்மா, இவருதான்" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. அவனைப் பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள். பிடிக்கிற அளவுக்கும் அவன் இல்லை, பிடிக்காமல் போகிற அளவுக்கும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவான். கேட்டதற்குப் பதில் சொல்லுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து, போனைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்து, மணிக்கு ஒரு போட்டோ என்று அந்தப் பூவை இருட்டுகிற வரைக்கும் எடுத்தான்.

"அத்த, மேஜிக்கு அத்த இது! ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கேன், அல்லாரும் கேக்கறாங்க."

அன்றைக்கு மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு. இப்படி இரண்டு வருஷம் வந்து போய்க்கொண்டிருந்தான்.

அவன் வீடு கெடார் பக்கம். இரண்டு காணி மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலையைச் சொல்கிறேன்), ஒரு போர்வெல், ஒரு டிராக்டர். நான் சின்ன வயசிலிருந்து அந்த மாதிரிக் கொல்லைகளில் களை பிடுங்கியவள். கொல்லைக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள், எந்தச் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் வீடு நானும் என் புருஷனும் உழைத்துக் கட்டினது. அவர் போன பிறகு மேல்தளம் போட்டது நான் ஒருத்தி.

பெண் பார்க்கிறேன் என்று அவன் அம்மா ஏழு பேரோடு வந்தாள். வந்ததும் உட்காரவில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"கல்லு வெச்சுதான் கட்டினீங்களா? சத்தம் ஒரு மாதிரி வருது."

"தலைய வெச்சு முட்டிப் பாருங்க, நல்லாத் தெரியும்" என்று என் வாயில் வந்தது. என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன். அந்த அம்மா என்னை ஒரு தடவைகூடச் சம்பந்தியம்மா என்று கூப்பிடவில்லை. 'ஏம்மா, ஏம்மா' என்றுதான் பேச்சு. கேசரியை மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

முடியாது என்று நேராகச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. மகன் சம்பாதிக்கிறான், கோபித்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். அதனால் பாரத்தைச் சாமி தலையில் தூக்கி வைத்தாள்.

"எங்க வூட்ல எந்த நல்லதும் ஆத்தாவக் கேக்காம செய்யறதில்ல. பூ கட்டிப் பாப்பம். வெள்ள வந்தா ஆத்தாவுக்குச் சம்மதம். செவப்பு வந்தா, அதுக்கப்புறம் நீங்களும் கேக்கக் கூடாது, எம் புள்ளையும் கேக்கக் கூடாது."

பூ கட்டிப் பார்ப்பது நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. தனித்தனியாக ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். அந்த அம்மா இதில் ஒரு சட்டமும் சேர்த்தாள். கடைப் பூ ஆகாதாம். இரண்டு வீட்டுக்காரர்களும் அவரவர் கையால் வைத்து வளர்த்த செடியில் பூத்ததாக இருக்க வேண்டுமாம். சிவப்பு அவர்கள் கொண்டுவருவார்களாம், வெள்ளை நாங்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் ஊர் அம்மன் கோவிலில்.

என் வீட்டில் வெள்ளையாகப் பூக்கிறது அந்த ஒரு செடிதான். முந்தின நாள் என் மகள் சொன்னாள்.

"யம்மா, அது நெறம் மாறிடும். பக்கத்து வூட்டு அக்காகிட்ட நந்தியாவட்ட கேக்கட்டா?"

"அவங்க வூட்டுப் பூவக் கொண்டும்போயி எங்க வூட்டுப் பூன்னு நான் சாமி முன்னாடி சொல்லணுமா?"

"யாருக்கும்மா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். எட்டு மணிக்குப் பாக்கறாங்க. எட்டு மணிக்கு அது வெள்ள."

கணக்கு சரியான கணக்குதான். விடியற்காலையில் பாதி விரிந்த பூவாகப் பார்த்துப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டேன். விழுப்புரம் போய் பஸ் மாறி, எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோவிலில் நின்றோம். கார்த்திகை மாசம். முந்தின வாரம் முழுக்க மழை. அன்றைக்கென்று வானம் துடைத்துவிட்ட மாதிரி, காலையிலேயே சுள்ளென்று வெயில்.

அந்த அம்மா எட்டரைக்கு வந்தாள். பூவைப் பார்த்தாள்.

"இன்னா பூவும்மா இது, இம்மாம் பெருசா?"

"எங்க வூட்டுப் பூ. வெள்ளையா இல்லையா?"

"வெள்ளதான்."

வெள்ளைதான் என்று அவள் வாயாலேயே சொன்னாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பூசாரி வாங்கி, அதை ஒரு வாழையிலையில் மடித்து, மேலே பேப்பர் சுற்றி, நூல் கட்டினார். அவர்களுடைய செம்பருத்தியையும் அதே மாதிரி கட்டினார். இரண்டையும் ஒரு தட்டில் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். இனி ஒரு குழந்தையைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

"எங்கண்ணன் வரணும். தாய்மாமன் இல்லாம எப்படி?" என்றாள் அந்த அம்மா.

தாய்மாமன் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும். ஒன்பதுக்கு வருகிறார் என்றார்கள். ஒன்பதரைக்குப் போன் போட்டார்கள், குளித்துக்கொண்டிருக்கிறாராம். பத்து இருபதுக்குப் பைக்கில் வந்து இறங்கினார். தலைக்கு அப்போதுதான் சாயம் அடித்திருக்கிறார். காதோரமெல்லாம் கரி வழிந்திருந்தது. அறுபது வயசு ஆளுக்கு, பெண்ணுக்கு நல்லது கெட்டது பார்க்கிற இடத்துக்கு, மயிர் கறுப்பாக இருந்தால்தான் வர முடியுமாம். வந்தவர் டீ கேட்டார். டீ வருவதற்குள் பத்தரை ஆயிற்று.

"பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம்" என்றார் பூசாரி.

"அப்ப பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம்" என்றார் மாமன். அவருக்கு என்ன அவசரம்?

நான் மண்டபத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி நாலு இருந்தது, நாலிலும் அவர்கள். வெயில் மண்டபத்துக்குள் ஒவ்வொரு கல்லாக ஏறி வந்துகொண்டிருந்தது. பொட்டலத்துக்குள் என் பூ என்ன செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஓரத்தில் ஏறியிருக்கும். இப்போது பாதி இதழ் வரைக்கும் வந்திருக்கும். வாழையிலைக்குள் புழுக்கம் வேறு.

பன்னிரண்டுக்கு மேல் ஆயிற்று. உச்சி வேளையில் ஆத்தாவைக் கேட்கக் கூடாது என்று அந்த அம்மா புதிதாக ஒன்றை எடுத்து விட்டாள். பூசாரியும் சாப்பிடப் போய்விட்டார். அவர்கள் வீட்டிலிருந்து புளிசாதம் வந்தது. எங்களுக்கும் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் சாப்பிடவில்லை.

என் மகள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"யம்மா, சொல்லிடும்மா. பூவ மாத்திக் கட்டச் சொல்லு."

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? அவன் இருக்கான் இல்ல? ஸ்டேட்டஸ்ல போட்டவன், அவன் சொல்லட்டும்."

"அவங்க அம்மா முன்னாடி அவரு பேச மாட்டாரும்மா."

"இன்னைக்கே பேசாதவன் என்னைக்குடி பேசுவான்?"

"நான் பேசினா 'இப்பவே வாயாடுறா'ம்பாங்க. நீ சொல்லும்மா. ஒரு வார்த்த."

ஒரு வார்த்தைதான். நாற்காலிகள் இருந்த இடத்துக்கு எட்டடி. ஆனால் அந்த எட்டடி நடந்து போய், 'ஏம்மா' என்று கூப்பிடுகிறவளிடம், 'என் பூ மாறிவிடும், தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்' என்று நான் நிற்க வேண்டும். கூலி வாங்கக்கூட நான் அப்படி நின்றதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனோ தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தலையைத் தூக்கி என் மகளைப் பார்த்தான். மறுபடியும் போன்.

இரண்டரைக்குப் பூசாரி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். யார் வீட்டுக் குழந்தையோ, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு பெண் குழந்தையைத் தூக்கிவந்து தட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அது ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. பூசாரி வாங்கிப் பிரித்தார்.

என் பூதான். நல்ல ரோஸ். ஓரமெல்லாம் சிவப்பே ஏறிவிட்டது.

"செவப்பு" என்றார் பூசாரி.

"ரோஸ் மாதிரி இல்ல இருக்குது?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"ரோஸு இன்னா ரோஸு? வெள்ளையா அது? சொல்லு" என்றார் பூசாரி.

"வெள்ளையில்லதான்."

"அப்ப செவப்புதான்."

மாமனுக்கு ஒரு சந்தேகம். "இன்னொண்ணையும் பிரி" என்றார். பிரித்தார்கள். வாடிப்போன செம்பருத்தி. அதுவும் சிவப்பு.

காலையில் ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் கட்டினதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். மதியம் இரண்டும் சிவப்பு. அரைப்படி புத்தி உள்ளவன் என்ன கேட்பான்? 'இது எப்படி ஆச்சு' என்று கேட்பான். ஒருத்தரும் கேட்கவில்லை. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது, சந்தோஷத்தில்.

"ஆத்தா ரெண்டையும் செவப்பாக்கிட்டா பாத்தீங்களா! ஒரு தடவ வேணாம்னா நமக்குப் புரியாதுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டா!"

"எங்க தாத்தா காலத்துல ஒரு தடவ இப்படி ஆச்சு" என்று ஆரம்பித்தார் அந்தக் கிழவர். அரை நிமிஷத்துக்கு முன்னால் ரோஸ் என்றவர். இதுகளுக்கு நடுவில்தான் என் மகள் வாழ்க்கைப்பட ஆசைப்பட்டாள்.

அப்போது அவள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஆத்தா ஒண்ணும் பண்ணலீங்க. இந்தப் பூ காலையில வெள்ளையா இருக்கும், மத்தியானம் இப்படி ஆவும், சாயங்காலம் செவப்பாவும். எங்க வூட்ல தெனமும் நடக்கறது. இவருக்கும் தெரியும். அவர் போன்லயே போட்டோ இருக்கு. கேட்டுப் பாருங்க."

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"பூ போட்டோ… எடுத்திருப்பேன்" என்றான். "இதே பூவான்னு சரியா ஞாபகம் இல்ல."

காலை ஆறு மணியிலிருந்து இருட்டுகிற வரைக்கும் அந்தச் செடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன். ஞாபகம் இல்லையாம். என் வாழ்க்கையில் குடிகாரர்களைப் பார்த்திருக்கிறேன், திருடர்களைப் பார்த்திருக்கிறேன், கூலியில் கை வைக்கிற மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமெல்லாம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. இவன் மேல் கோபம்கூட வரவில்லை.

"சரிங்க" என்றாள் என் மகள். "வாம்மா, போலாம்."

பஸ் நிறுத்தத்துக்குப் பைக்கில் பின்னாலேயே வந்தான். வண்டியை நிறுத்தாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பேசினான்.

"அத்த, அங்க வெச்சு எப்படிச் சொல்றது? எங்கம்மாவுக்கு பி.பி. இருக்குது. அவ்ளோ பேரு முன்னாடி ஆத்தா சொன்னது தப்புன்னா, அவங்களுக்கு இன்னா ஆவுறது? ரெண்டு மாசம் போவட்டும், தை பொறக்கட்டும், நானே பேசறேன்."

நான் செருப்பைப் பார்த்தேன். என் மகள் குறுக்கே நின்றாள்.

"அவங்களுக்கு மாத்திரைய வேளைக்குக் குடுங்க. உப்பு கொறச்சலாப் போடச் சொல்லுங்க. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் பேசினாள். திட்டவில்லை, அழவில்லை. நான் திட்டியிருந்தால்கூட அவன் கொஞ்சம் மனுஷனாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான்.

தை பிறந்ததும் அந்த அம்மா ஆள் அனுப்பினாள். மகன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஆத்தாவை இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமாம். இந்தத் தடவை வெள்ளைப் பூவையும் அவர்களே கொண்டுவருவார்களாம். ஆத்தா இரண்டு தடவை சொன்னாள் என்று ஊரெல்லாம் சொன்னவள், மூன்றாவது தடவை கேட்கிறாள். அவள் பக்தி அவ்வளவுதான். வந்த ஆளை நான் வாசலிலேயே வைத்து அனுப்பினேன். என் மகள் அதற்குள் சென்னையில் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். போனில் சொன்னேன். "வேணாம்னு சொல்லிடும்மா" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, காரணம் இருக்கிறது.

பூ கட்டிப் பார்த்த அன்றைக்கு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் ஆரம்பித்தேன். சாயம் வழிந்த மாமனைச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்ட கூட்டத்தைச் சொன்னேன். அவனைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் பேசினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அவரு பேச மாட்டாருன்னு எனக்குத் தெரியும்மா. ரெண்டு வருஷமாத் தெரியும். நீ பேசுவேன்னு நெனச்சேன்."

"அவன் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியட்டும்னுதான் நான் சும்மா இருந்தேன்" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அது பொய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. "சரிம்மா" என்றாள். கோவிலில் அவர்களிடம் சொன்ன அதே 'சரி'.

திண்டிவனத்தில் இறங்கினோம். அவள் பையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

"நீ ஆட்டோ புடிச்சி வூட்டுக்குப் போம்மா. எனக்கு டூட்டி இருக்கு."

நல்ல காரியம் நடக்கப் போகிறது என்று மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். கொடுத்த அன்றைக்கே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். "நீயும் வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டிருக்கலாம். அதுவும் ஒரு வார்த்தைதான்.

"சரி, போயிட்டு வா" என்றேன். ஆட்டோவெல்லாம் எதற்கு என்று பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தேன்.